காம்பராவுக்கு ஒரு பேர்

“நீ படிச்ச புள்ளதானே, சொல்லு. நான் எந்த எடத்துல பெசகுனேன்?”

தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு ஆட்டோ லயத்து முடக்கில் திரும்பி மறைந்ததும், பக்கத்துக் காம்பரா சித்தி என்னைப் பார்த்துக் கேட்டது அது. அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். இப்போது எனக்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறது. யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, டைப் அடிப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. ஊரார் கேட்கிற எத்தனையோ கேள்விகளுக்கு அங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். சித்தி கேட்டதற்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி ஒருத்தி எழுதினாள் என்று தெரிந்தால், அதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

சித்தி என்றாலும் உறவில்லை. தோட்டம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் அம்மாவுக்கு இளையவர்கள் எல்லோருமே சித்திகள்தான். அவர் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைவரை எட்டாது. அதனால் அவர் வீட்டில் அரிசி களைவது முதல் மூக்கைச் சிந்துவது வரை எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டை அவருக்குக் கேட்கும். ஆனால் கேட்டதாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

எதையும் யாரிடமும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. ஒருமுறை திடீரென்று மழை இறங்கியபோது, கொடியில் கிடந்த சித்தி வீட்டுத் துணிகளையும் சேர்த்து அம்மா எடுத்து உள்ளே போட்டார். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது.

“என்னாடி இது? துணி எடுத்ததுக்குக் கூலியா?” என்று அம்மா சத்தம் போட்டார்.

“கூலி இல்லக்கா. தூக்கம் வரல, கூட்டுனேன்.”

“ஆமாமா, யாருக்காச்சும் குடுக்க வேண்டியிருந்தா ஒனக்குத் தூக்கம் வராதே. நான் செத்தா அழுவுறதுக்கும் இப்பவே யோசிச்சு வச்சுக்க.”

“நீங்க முந்திக்கிட்டா நான் அழுதுருவேன். நான் முந்திக்கிட்டா நீங்க எனக்கு அழுவணும், அத நான் எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? அதனால நீங்களே முந்திக்குங்க.”

அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். சித்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் ஓடினார். லயமே சிரித்தது.

மகள் சுகன்யா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியும்போதே மலையில், அதாவது வேலை நடக்கிற மரக்காட்டில், மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவோ நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு மற்றவர்கள் மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். சித்திக்கு மாமியார் இல்லை. பக்கத்து வீடு இருந்தது, கேட்க மனமில்லை. இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டுவிட்டார்.

கங்காணி வந்து பார்த்துவிட்டுக் கத்தினாராம். “இது மலையா, புள்ளக்காம்பராவா?”

“ரெண்டுந்தாங்க. அது தொறக்கிற நேரத்துக்கு நீங்களே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வாங்களேன்.”

கங்காணி சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். “வாயாடி, ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு” என்று அம்மா சொல்வார்.

சித்தியின் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வராவிட்டாலும் சம்பள நாளுக்கு வந்துவிடுவார். பெண்களின் சம்பளத்தைப் புருஷன்மாரே போய் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பழகிப்போன விஷயம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. ஒரு சம்பள நாளில் சித்தி மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அவர் வாங்கிக்கொண்டு பஜாருக்குப் போய்விட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன்.

“வெட்டுனது இந்தக் கை. இனி ஒப்பமும் இந்தக் கைதான் வைக்கும்” என்றார் சித்தி, சம்பளம் கொடுக்கிற கிளாக்கரின் ஜன்னலில் கையை வைத்து.

“புருஷன்தானேம்மா வாங்குனாரு, வேத்தாளா?”

“அப்ப நாளைக்கி அவரையே வந்து வெட்டச் சொல்லுங்க ஐயா.”

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சித்தியின் சம்பளம் சித்தியின் கையிலேயே வந்தது. புருஷன் வருவது குறைந்து, பிறகு அனேகமாக நின்றே போனது. சிரித்த பெண்களே “வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல” என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு சித்தியின் காதில் விழுந்த அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கத்தில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சித்திக்குப் பணக்காரியாகும் ஆசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. “நம்மள யாரும் பேர் சொல்லிக் கூப்புட்டு ஏவக் கூடாது புள்ள” என்பார். இன்னொன்றும் சொல்வார். “சுகன்யா எந்திரிக்கிறப்ப நான் வீட்ல இருக்கணும். அவளுக்கு ஒரு நாளாவது தல பின்னி அனுப்பணும்.”

பால் வெட்டப் போகிற தாய்மாரின் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். தானாகவே தலை வாரிக்கொண்டு வருவார்கள். வகிடு கோணலாக இருக்கும். சுகன்யாவின் வகிடும் கோணல்தான், என் வகிடும் கோணல்தான். மழை பெய்து வெட்டு இல்லாத நாட்களில் மட்டும் எல்லோருடைய வகிடும் நேராக இருக்கும்.

பால்வெட்டில் ஒரு நல்லது, மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். அந்த மத்தியானங்களில் சித்தி பஜாரில் ஒரு சிங்கள அக்காவிடம் போய்த் தையல் பழகினார். சும்மா பழகவில்லை, அவர் கடையைக் கூட்டிக் கொடுத்துப் பழகினார். பழகி முடித்ததும் ஒருநாள் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் இருக்கிற தன் பேரை வெட்டிவிட்டு சர்வீஸ் காசை எடுக்கப் போவதாகச் சொன்னார். இத்தனை வருட வேலைக்குச் சேர்ந்திருக்கும் பணம் அது. விலகினால்தான் கைக்கு வரும்.

அம்மா பயந்துபோனார். “பேர வெட்டிட்டா காம்பரா என்னாடி ஆகும்?”

“நான் பொறந்ததே இந்தக் காம்பராவுலக்கா. பொறந்த எடத்துலேர்ந்து யாரு தொரத்துவா?”

அந்தக் காசில் தையல் மெஷின் வந்தது. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பால் கறை பிடித்த கவுனைச் சித்தி வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினார். மெஷின் இருக்கிற வீட்டுக்குள் அது வரக் கூடாதாம். ரப்பர் பால் பட்ட துணி எத்தனை முறை துவைத்தாலும் தேறாது. முதலில் தெரியாது, காயக் காயப் பழுப்பாகிக் கறுத்துவிடும். எங்கள் உடுப்புகளிலெல்லாம் ஏதோ ஒரு மூலையில் அந்தக் கறை இருக்கும். சித்தி தைத்துக் கொடுத்த துணிகளில் இல்லை.

அது நல்ல காலம். கீழ்க் கிராமத்திலிருந்து சிங்களப் பெண்கள் தங்கள் ஒசரிச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க ஏறி வந்தார்கள். “நங்கி, நங்கி” என்று தங்கச்சி முறை சொல்லி வாசலில் உட்கார்ந்து பிளேன்ட்டீ குடித்தார்கள். சித்தி சிங்களத்தில் பகிடி விட்டால் அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சுகன்யாவின் வகிடு நேரானது. என் தலையையும் அவ்வப்போது பிடித்து இழுத்துப் பின்னிவிடுவார். அதற்காக அம்மா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தால், சாயங்காலமே என் சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்து வந்துவிடும். சுகன்யா சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்து, உயர்தரம் படிக்க டவுன் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறினாள். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் பிள்ளை அவள்தான்.

பிறகுதான் கிளாக்கர் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

“தோட்டத்துல யாரு பேரும் இல்லாத காம்பராவையெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லி ஓடர் வந்திருக்கும்மா. வேலைக்கி ஆள் பத்தலயாம். ஒங்க வீட்டுலேர்ந்து ஒரு பேர் வேணும். மாசக் கடைசிக்குள்ள.”

“நான் பொறந்த காம்பரா ஐயா இது.”

“பொறந்தவங்களுக்கெல்லாம் குடுக்கிறதுன்னா நானும் ஒண்ணு கேப்பேன். வேலைக்கித்தான்மா காம்பரா.”

சித்தி புருஷனுக்குப் போன் பண்ணினார். அவர் எடுக்கவில்லை. பஜாரில் வாடகைக்கு அறை தேடினார். கிடைத்த அறைகளின் வாடகையைக் கட்டினால் சுகன்யாவின் படிப்புக்கு மிஞ்சாது. சுகன்யாவின் படிப்பைப் பார்த்தால் வாடகை கட்ட முடியாது. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்டது சுவருக்கு மேலால் எங்களுக்குக் கேட்டது.

ஒரு காலையில் வேறொன்று கேட்டது. வழக்கமாகச் சித்திதான் முதலில் எழும்புவார். அன்று சுகன்யா முந்திவிட்டாள்.

“என்னாடி வேசம் இது? ஆணியில கெடந்த கவுன ஏன் போட்டுருக்க?”

“இன்னையிலேர்ந்து என் பேர் போட்டுருக்காங்கம்மா. நேத்து ஸ்கூல் போற வழியில ஒப்பீசுக்குப் போயிட்டு வந்தேன்.”

“யாரக் கேட்டுப் போன?”

“நீங்க மட்டும் யாரயாச்சும் கேட்டா எதையும் செய்றீங்க?”

அடி விழும் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

“மெஷின மட்டும் விட்றாதீங்கம்மா” என்று சுகன்யா மறுபடி சொன்னாள். “காம்பராவ நான் பாத்துக்கிறேன்.”

சுவருக்கு அப்பால் சீப்பைத் தேடுகிற சத்தம். பிறகு சித்தியின் குரல் கேட்டது. “வகிடு கோணலா இருக்கு. ஒக்காரு.”

அன்றைக்கே அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சித்தி ஒப்பீசுக்குப் போனார். அந்த ஜன்னலில் கையை ஊன்றிச் சண்டை போட்டவர், அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

“என் பேரத் திரும்ப எழுதிக்குங்க ஐயா. புள்ள பேர வெட்டிருங்க.”

“சர்வீஸ் காசு எடுத்தவங்கள மறுபடி பதியிறதுக்கு மேல விடமாட்டாங்கம்மா. வேணும்னா கைக்காசுக்கு வாங்க, அன்னன்னைக்கி வாங்கிட்டுப் போங்க. ஆனா கைக்காசு ஆளுக்குக் காம்பரா குடுக்க முடியாது.”

“பிச்சையா கேக்கிறேன் ஐயா.”

கிளாக்கர் கெட்டவரில்லை என்று அம்மா சொன்னார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வருகிற வழியில் பீலியில் முகத்தைக் கழுவிக்கொண்டு சித்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். “வாழ்க்கையில மொத தடவ ஒருத்தர்கிட்ட கேட்டேன்க்கா.”

சுகன்யா அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. “படிப்ப விட்டுட்டியே, ஒனக்கு என்ன பைத்தியமா?” என்று கேட்டேன். அவள் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “எங்கம்மா ஊசியில நூல் கோக்கிறப்ப மூஞ்சியப் பாத்துருக்கியா நீ? எனக்கு அந்த மூஞ்சி வேணும்.”

ஆனால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கச் சித்தியால் முடியாதே. சில நாளில் அவரும் மகளோடு மலை ஏறத் தொடங்கினார். பேர் சுகன்யாவுடையது, சம்பளமும் சுகன்யாவுடையது. சித்தி பால் எடுக்க, வாளி தூக்க, மேட்டு மரங்களைத் தானே வெட்டிவிட என்று கூடவே நின்றார். இப்படி வீட்டு ஆள் வந்து கைகொடுப்பதைக் கங்காணி கண்டும் காணாததுபோல விட்டுவிடுவார். மத்தியானம் இறங்கி வந்து, பீலியில் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு மெஷினில் உட்காருவார். சுகன்யா திட்டுவாள். “நான் எதுக்குப் போனேன், நீங்க எதுக்கு வர்றீங்க?” சித்தி கேட்காததுபோல் பெடலை மிதிப்பார். யாருக்காக யார் போனார்கள் என்பது குழம்பிப்போய், கடைசியில் இரண்டு பேருமே மலையில் நின்றார்கள்.

கீழ்க் கிராமத்து அக்கா ஒருவர், மகளின் கலியாணத்துக்கு ஜாக்கெட் தைக்க யானைத் தந்த நிறத்தில் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவர் வாங்க வருகிற நாளில் மலையில் பால் அதிகம், இறங்கத் தாமதமாகிவிட்டது. பீலியில் கூட்டம். கையை மட்டும் கழுவிக்கொண்டு, மலைக் கவுனோடேயே சித்தி உள்ளே வந்து ஜாக்கெட்டை அயர்ன் பண்ணத் தொடங்கினார். ஆணிக்குப் போக வேண்டிய கவுன், பால் ஈரத்தோடு அன்றைக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தது. சுகன்யாவிடம் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரப் போன நான் பக்கத்தில் நின்றேன். கவுனின் கை நுனியில் காயாமல் இருந்த பால் ஜாக்கெட்டில் பட்டதை இருவருமே பார்க்கவில்லை. தந்த நிறத்தில் வெள்ளை எங்கே தெரியும்? சூடு பட்டதும் தோள் பக்கத்தில் பழுப்பாக இரண்டு பொட்டு எழும்பியது.

சித்தி அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, விரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். எங்கள் எல்லோரையும்போல அவருக்கும் தெரியும், தேய்த்தால் போகாது. இருந்தாலும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அக்கா வந்து பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கமக் நே நங்கி, பரவாயில்லை, ஒசரி மறைத்துவிடும்” என்று சிங்களத்தில் சொன்னார். திட்டியிருந்தால் சித்தி தாங்கியிருப்பார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. மறுநாள் மலைக்குப் போகாமல் கேகாலை வரைக்கும் போய் அதே துணியை வாங்கி வந்து, புதிதாகத் தைத்து, கூலி வாங்காமல் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கிழமையே மெஷினைத் தையல் சொல்லிக் கொடுத்த அக்காவுக்கே விற்றுவிட்டார். மலைக்குப் போகிற கையால் மற்றவர் துணியைத் தொடக் கூடாதாம். மகளைத் தனியே மலைக்கு அனுப்பவும் அவரால் முடியாது.

விற்ற பணத்தைச் சுகன்யாவின் கையில் வைத்தார்.

“எனக்கு எதுக்கும்மா இது?”

“நீ குடுத்ததுக்கு.”

“நான் எதுவும் குடுக்கலையே.”

பணத்தை அவள் வாங்கவில்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். சித்தி நீட்டிய கையோடு வாசலில் நின்றார். அப்போதுதான் ஆட்டோ முடக்கில் திரும்பி மறைந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார்.

சுகன்யா பிறகு கலியாணமாகிக் குருவிட்டப் பக்கம் போனாள். சித்தியையும் கூட்டிப்போய்விட்டாள். அங்கேயும் பால்வெட்டுதான் என்று கேள்வி. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய காம்பராவில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது, வேறொரு பேர் இருக்கிறது. வெளிச்சுவரில் அந்த ஆணி மட்டும் இன்னும் இருக்கிறது. யாரோ குடையை மாட்டியிருக்கிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் பேர் செக்ரோலில் இருந்ததால்தான் எங்கள் காம்பரா நின்றது, நான் படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. வருகிற மாதத்தோடு விலகுகிறார். பேர் கேட்டுக் கிளாக்கர் வந்துவிட்டுப் போய்விட்டார். இவர் வேறு கிளாக்கர், ஆனால் அதே வார்த்தை. என் வீட்டுக்காரர் லொறியில் ஓடுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அவரால் பேர் பதிய முடியாது. இதே நேரத்தில்தான் எங்கள் கடை முதலாளி வெளிநாடு போகிறார். கடையை என்னையே எடுத்து நடத்தச் சொல்கிறார். என் வாழ்க்கையில் இப்படி ஒன்று இன்னொரு தரம் வராது. கடையின் பின்னால் சின்ன இடம் இருக்கிறது, குடியிருக்கப் போதாது. பாப்பாவை அங்கே தூங்க வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். காலையில் நானே அவளுக்குத் தலை வாரலாம்.

போன கிழமை பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் தங்கை தர்ஷி, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறவள் அவள்.

“அக்கா, நான் பேர் பதியிறேன். நீ கடைய எடு.”

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஒருவேளை அவளுக்கு நல்ல ரிசல்ட் வராமல் போகலாம், அப்போது இது தப்பில்லைதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது. நானே பதிந்தால் கடை போய்விடும், பாப்பா புள்ளக்காம்பராவுக்குப் போவாள். யாரும் பதியாவிட்டால் அம்மாவை எங்கே கூட்டிப்போவது? கடை ஓடுமா ஓடாதா என்பது தெரிகிறவரைக்கும் வாடகை கட்ட வழியில்லை.

சித்தி எங்கே பிசகினார்? பேரை வெட்டியதா, பிறந்த இடம் என்று நம்பியதா, மகள் கொடுத்ததை வாங்கிக்கொண்டதா, அல்லது வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததா? பதில் தெரிந்தால் என் வழியும் தெரிந்துவிடும்போல இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற தாய்மார் இருப்பீர்கள். தனக்கென்று ஒரு தொழில் தொடங்கியவர்களும், தொடங்கி இழந்தவர்களும் இருப்பீர்கள். அக்காவுக்காகவோ அம்மாவுக்காகவோ விட்டுக்கொடுத்த தங்கைமாரும் இருப்பீர்கள். நீங்கள்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தர்ஷி கொடுப்பதை நான் வாங்கலாமா? கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். இன்று காலை எழுந்து பார்த்தேன், அம்மாவின் மலைக் கவுனை அவள் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள்.